விண்டோஸ் 11 போட்டபின் லேப்டாப் ஊர்கிறதா? முதலில் டிஸ்க்கைப் பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதையொட்டி 11-க்கு மாறியவர்கள் பலருக்கும் ஒரே புலம்பல்: "நல்லா ஓடிக்கிட்டிருந்தது, இப்போ நகரவே மாட்டேங்குது." எங்கள் வீட்டிலும் மச்சானின் லேப்டாப், என்னுடையது இரண்டுமே படுத்தின. காரணம் வேறு வேறு. அந்த இரண்டையும்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதல் வேலை, சும்மா இருப்பது. புது விண்டோஸ் ஏறியதும் தேடலுக்கான அட்டவணையைத் திரும்பக் கட்டும், டிரைவர்களையும் (லேப்டாப்பின் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் மென்பொருள்) அப்டேட்களையும் இறக்கும், விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் ஒரு பக்கம் ஸ்கேன் செய்யும். சார்ஜரைச் செருகி, ஸ்லீப் போகாதபடி வைத்து, ஓர் இரவு முழுக்க ஓடவிடுங்கள். மறுநாள் இரண்டு முறை ரீஸ்டார்ட். பலருக்கு இதிலேயே சரியாகிவிடும்.

ஆகவில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துக்குப் போய் 'டிஸ்க் 0' என்பதைச் சொடுக்குங்கள். அதன் கீழேயே எச்டிடியா (தட்டு சுழலும் பழைய வகை ஹார்ட் டிஸ்க்) எஸ்எஸ்டியா (சுழலும் பாகம் இல்லாத, சிப்பில் சேமிக்கும் வேகமான வகை) என்று போட்டிருக்கும்.

இங்கேதான் நிறையப் பேர் குழம்புவது. மச்சானின் லேப்டாப்பில் டிஸ்க் 100% என்று காட்டியது. ஆனால் அதே திரையில் ரீட் ஸ்பீட் நொடிக்கு 1 எம்பி கூட இல்லை. 'இவ்வளவு கம்மியாகத்தானே படிக்கிறது, அப்புறம் எப்படி 100%?' என்று தோன்றும். அந்த 100% என்பது வேகம் அல்ல. டிஸ்க் சும்மா இல்லாத நேரம். ஹார்ட் டிஸ்க்கில் படிக்கும் முனை, தட்டின் மேல் இடம் விட்டு இடம் நகர்ந்தாக வேண்டும். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களை ஒரே நேரத்தில் கேட்டால், நேரமெல்லாம் அலைச்சலிலேயே போய்விடும்.

அதனால் சதவீதத்தை விட்டுவிட்டு, பக்கத்திலேயே இருக்கும் 'ஆவரேஜ் ரெஸ்பான்ஸ் டைம்' என்ற எண்ணைப் பாருங்கள். நல்ல ஹார்ட் டிஸ்க்கில் 10, 20 மில்லி விநாடி சகஜம். எஸ்எஸ்டியில் அதைவிடவும் குறைவு. பெரிய வேலை எதுவும் நடக்காதபோதும் அது நூற்றுக்கணக்கில் நின்றால், எந்த செட்டிங்கை மாற்றியும் பயனில்லை. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். 'காஷன்' என்று மஞ்சள் காட்டினால் அன்றைக்கே முக்கியமான ஃபைல்களை வெளியே காப்பி எடுத்துவிடுங்கள்.

தீர்வு, எஸ்எஸ்டி. பழைய லேப்டாப்பில் ஹார்ட் டிஸ்க் இருக்கும் இடத்தில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி அப்படியே உட்காரும். பழையதை க்ளோன் செய்வதைவிட, அதாவது உள்ளதை அப்படியே நகலெடுப்பதைவிடப் புதிதாக இன்ஸ்டால் செய்வதே என் விருப்பம். பழைய குப்பை கூடவே வராது. மைக்ரோசாஃப்ட் தளத்தில் கிடைக்கும் மீடியா கிரியேஷன் டூலும் (விண்டோஸ் இன்ஸ்டால் செய்யும் பென்டிரைவைத் தயாரிக்கும் மென்பொருள்) 8 ஜிபி பென்டிரைவும் போதும். கீ கேட்டால் 'ஐ டோன்ட் ஹேவ் எ ப்ராடக்ட் கீ' என்று தாண்டிவிடுங்கள். ஏற்கெனவே ஆக்டிவேட் ஆன மெஷின் என்றால், அதே எடிஷனைப் போட்டு நெட் இணைத்ததும் பெரும்பாலும் தானே ஆக்டிவேட் ஆகிவிடும்.

என் லேப்டாப்பில் எஸ்எஸ்டிதான் இருந்தது. ஆனாலும் ஸ்க்ரோல் செய்தால் திக்கும், வீடியோ போட்டால் சிபியு எகிறும். டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரித்தால், இன்டெல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது. அதாவது கிராஃபிக்ஸ் டிரைவரே ஏறவில்லை. திரையை வரையும் வேலை முழுக்க சிபியு தலையில். லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைக் கொடுத்து டிரைவரை இறக்கிப் போட்டதும் சரியானது. தானாக டிரைவர் தேடித் தருகிறேன், ரிஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்) சுத்தம் செய்கிறேன் என்று வரும் மென்பொருள் எதையும் நான் தொடுவதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

ஸ்டார்ட்அப் ஆப்ஸ் பட்டியலில் தேவையில்லாததை நிறுத்துவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், செய்துவிடுங்கள். எதுவுமே சரிவரவில்லை என்றால் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போய் 'கோ பேக்' கொடுத்துப் பழைய விண்டோஸுக்கே திரும்பலாம். ஆனால் பொதுவாக 10 நாள்தான் கெடு. இடம் போதவில்லை என்று 'விண்டோஸ்.ஓல்ட்' ஃபோல்டரை அழித்துவிட்டால் அதுவும் போச்சு.

பின்சேர்க்கை: பயாஸ் (விண்டோஸுக்கு முன்பே லேப்டாப்பைத் தொடங்கிவைக்கும் மென்பொருள்) அப்டேட் செய்த ஒருவருக்கு, அடுத்த முறை லேப்டாப்பை ஆன் செய்ததும் நீலத் திரையில் பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி) 48 இலக்க எண்ணைக் கேட்டு நின்றுவிட்டதாம். பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண், அதாவது ரெக்கவரி கீ, இருக்கும். பயாஸைத் தொடுவதற்கு முன்பே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், பிட்லாக்கரையும் சஸ்பெண்ட் செய்து தற்காலிகமாக நிறுத்திவிடுங்கள்.

இன்னொருவர் 4 ஜிபி ரேமை 8 ஆக்கலாமா என்று கேட்டார். தாராளமாக. 11-க்கு 4 ஜிபி என்பது ஏறுவதற்கான குறைந்தபட்சம், நிம்மதியாக ஓடுவதற்கு அல்ல. கடைக்குப் போகும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தில் 'ஃபார்ம் ஃபாக்டர்' என்ன என்று பாருங்கள். சோடிம் (லேப்டாப்பில் செருகும் ரேம் பலகை) என்றால் கழற்றி மாட்டலாம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்றால் ரேமை போர்டிலேயே பற்றவைத்திருக்கிறார்கள். அப்போது தனியாக ஒரு காலி ஸ்லாட் இருந்தால்தான் கூட்ட முடியும்.