சிற்றோவியமும் பாஸ்டலும் வரைந்த ஜெர்மன் பெண்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

17, 18ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மன் மொழி வழங்கிய நகரங்களில் வாழ்ந்த பெண் ஓவியர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்குகிறார்கள். "பெண்களுக்கு எண்ணெய் வண்ணம் மறுக்கப்பட்டது, அதனால் சிறிய படங்கள் வரைந்தார்கள்" என்பது அந்த வரி. பாதி உண்மை. நியூரம்பெர்க் போன்ற நகரங்களில் ஓவியத் தொழில் விதிகள் எண்ணெய் வண்ணத் தொழிலை ஆண்களுக்கே ஒதுக்கின. ஆனால் அந்த விதிகளின் பிடி அரசவைக்குள் நீளவில்லை. பெர்லினில் பிறந்த அன்னா டோரோதேயா தெர்புஷ் 1761இல் ஷ்டுட்கார்ட் அரசவையில் வேலை செய்தார். 1767இல் பாரிஸின் அரச ஓவியக் கழகத்தில் உறுப்பினரானார். அவர் வரைந்ததோ பெரும்பாலும் எண்ணெய் வண்ணத்தில். எந்த ஊர், யாருடைய ஆதரவு என்று பார்க்காமல் எல்லாப் பெண்களுக்கும் ஒரே காரணத்தைச் சொல்லக் கூடாது.

இதைவிடச் சோம்பலான விளக்கம் ஒன்று உண்டு: பாஸ்டல் என்னும் உலர் வண்ணக்குச்சி மென்மையானது, ஆகவே பெண்களுக்குப் பிடித்தது என்பது. டிரெஸ்டன் அருங்காட்சியகத்தில் அம்பைத் தீட்டும் மன்மதனைப் பாஸ்டலில் வரைந்திருப்பவர் அன்டோன் ராஃபேல் மெங்ஸ் என்ற ஆண். சுவிஸ் ஓவியர் லியோத்தாரும் ஆண்தான், வாழ்நாளெல்லாம் பாஸ்டலில் உழைத்தார். இவர்களுடைய மென்மையைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மிகுந்த சேதம் விளைவிக்கும் தவறு, புகழ்பெற்ற ஒரு பெயர் அருகிலிருக்கும் பெயர்களை விழுங்க விடுவது. ஃபிராங்க்ஃபர்ட்டில் 1647இல் பிறந்த மரியா சிபில்லா மெரியனை எடுத்துக்கொள்வோம். கன்றுத்தோலில் நீர்வண்ணத்தால் வரைந்த பூக்களும் புழுக்களும் என்றாலே அவர் பெயரை எழுதிவிடுகிறார்கள். அவருடைய மகள்கள் யோஹன்னா ஹெலெனாவும் டோரோதேயா மரியாவும் அதே பட்டறையில் பயின்று, அதே பாணியில் வரைந்தவர்கள். மூத்தவர் கையொப்பமிட்ட மலர் ஓவியங்கள் பிரவுன்ஷ்வைக்கில் இருக்கின்றன. இளையவர் 1699இல் தாயோடு தென் அமெரிக்காவின் சுரிநாம் போனவர். பின்னர் கணவர் கியோர்க் கெசெல்லுடன் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் குடியேறி ரஷ்ய மன்னர் மகா பீட்டரின் பணியில் இருந்தார். தாயின் பெயரில் இருந்த படங்களுள் சில இன்று மகள்களுடையவை எனப்படுகின்றன. கையொப்பம் இல்லாத படத்துக்கு 'மெரியன் பட்டறை' என்று எழுதுவதே நேர்மை.

நியூரம்பெர்க்கின் டீட்ஷ் குடும்பத்திலும் இதே சிக்கல்தான். கருத்த பின்னணியில் ஒற்றைத் தண்டு, அதில் ஒரு பூ, பக்கத்தில் ஒரு வண்டு. பார்த்ததும் பார்பரா ரெகினா டீட்ஷ் என்று சொல்லத் தோன்றும். அவர் தங்கை மார்கரெட்டா பார்பராவும் அதே கவாஷ் என்னும் அடர்ந்த நீர்வண்ணத்தில், அதே கருமை மேல் வரைந்தவர். பாணியை மட்டும் பார்த்து ஆளை முடிவு செய்ய முடியாது.

பெயர் மாற்றமும் ஆட்களைத் தொலைத்துவிடும். மெங்ஸின் அக்கா தெரேசியா கொன்கோர்டியா, தம்பியைப் பற்றிய கதைகளில் 'மெங்ஸின் சகோதரி' என்ற ஒரு சொல்லாகச் சுருங்கிவிடுகிறார். டிரெஸ்டனில் அவர் பாஸ்டலில் வரைந்த சுயஉருவமே இருக்கிறது. 1765இல் ரோமில் அன்டோன் ஃபோன் மாரோனை மணந்ததால் சில பட்டியல்களில் அவரை மாரோன் என்ற பெயரின் கீழ்தான் தேட வேண்டும். டிரெஸ்டன் அரசவையின் ஃபெலிசித்தாஸ் ஹோஃப்மான் இதற்கு நேர்மாறு. பெயர் ஜெர்மன், ஆள் இத்தாலியர், பிறந்த பெயர் ஃபெலிசித்தா சார்த்தோரி. வெனிஸில் பாஸ்டல் ஓவியர் ரோசால்பா கரியேராவிடம் பயின்று, 1741இல் டிரெஸ்டன் வந்தவர். ரோசால்பாவின் பாஸ்டல்கள் டிரெஸ்டனில் குவிந்து கிடப்பதால் அவரையும் ஜெர்மன் பட்டியலில் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். படங்கள்தான் அங்கே போயின, அவர் போகவில்லை.

அரச குடும்பப் பெண்களைத் தொழில்முறை ஓவியர்களோடு ஒரே வரிசையில் வைப்பதும் சரியல்ல. பாடன் நாட்டை ஆண்ட மார்க்ரேவின் மனைவி கரோலினே லூயிஸே லியோத்தாரிடம் பாஸ்டல் கற்றவர், நல்ல கை. ஆனால் படம் விற்று அவர் அடுப்பெரிக்க வேண்டியிருக்கவில்லை. டீட்ஷ் சகோதரிகளுக்கு அதுவே பிழைப்பு.

படத்தை நேரில் பார்க்காமல் எழுதுகிறவர்கள் அளவையும், எதன்மேல் எதனால் வரைந்தது என்பதையும் தவறவிடாமல் குறிக்க வேண்டும். கைக்குள் அடங்கும் சிற்றோவியமும் சுவரில் மாட்டும் பாஸ்டலும் திரையில் ஒரே அளவாகத்தான் தெரியும். தந்தத்தில் வரைவது ரோசால்பாவின் வழியாக 1700ஐ ஒட்டித்தான் பரவியது. அதற்கு முன் பெரும்பாலும் தோல்தான். ஆகவே 1650 என்று தேதியிட்ட தந்தச் சிற்றோவியம் எதிர்ப்பட்டால் சந்தேகப்படலாம். பாஸ்டலில் நிறப்பொடியைப் பிடித்து வைப்பது மிகக் கொஞ்சம் பசை. எனவே கண்ணாடிக்குள்தான் வைப்பார்கள், ஊர் விட்டு ஊர் அனுப்பத் தயங்குவார்கள். ஒரு பாஸ்டல் கண்காட்சிகளில் தென்படவில்லை என்பதை வைத்து, அதை யாரும் மதிக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.