மகளிர் குழு ஆரம்பிக்கிறீர்களா? லோனுக்கு முன்னால் நோட்டைச் சரியாக வையுங்கள்

புதிதாக மகளிர் குழுவில் சேருகிறவர்கள் முதல் கூட்டத்திலேயே கேட்பது "லோன் எப்போ வரும்?" என்றுதான். அந்த லோனைக் கொண்டுவரப்போவது உங்கள் கணக்கு நோட்டு, அதனால் அங்கிருந்தே ஆரம்பிப்போம்.

தமிழ்நாட்டில் ஒரு குழுவுக்கு 12 முதல் 20 பேர். ஒரே தெரு, ஒரே மாதிரி வருமானம், ஒருவர் கஷ்டம் மற்றவருக்குத் தெரிந்தவர்களாக இருந்தால் நல்லது. குழுவை முன்னின்று நடத்தும் ஊக்குநர், பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்துத் தீர்மானம் எழுதி, பேங்கில் குழு பெயரில் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள்.

வாரம் ஐம்பது ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 12 பேருக்கு 600, ஆறு மாதத்தில் 15,600 ரூபாய். அதைப் பேங்கிலேயே தூங்கவிடாதீர்கள். பிள்ளைக்குப் பள்ளிச் செலவு, ஆஸ்பத்திரி, தையல் மெஷின் ரிப்பேர் என்று கேட்பவருக்கு உள்கடனாகக் கொடுங்கள். நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் அது குழுவுக்கே சேரும். பாயில் எல்லோர் முன்னாலும் பணத்தை எண்ணி, யார் கட்டினார், யார் வாங்கினார், எதற்கு, எத்தனை தவணை என்று அங்கேயே எழுதி, அவரவர் பாஸ்புக்கிலும் போட்டுவிட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவர் இருந்தால் கூட்டம் முடிவதற்குள் உரக்க வாசித்துக் காட்டுங்கள், பின்னால் வரும் சண்டையில் பாதி இதிலேயே தீர்ந்துவிடும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மகளிர் குழுக்களுக்கான அரசுத் திட்டமான ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் பேங்க் கடன் வாங்கக் குழு ஆறு மாதமாவது நடந்திருக்க வேண்டும், அந்த ஆறு மாதத்தை இந்த நோட்டை வைத்துத்தான் கணக்கிட வேண்டும், பேங்க் கணக்கு தொடங்கிய தேதியை வைத்து இல்லை, இது ரிசர்வ் வங்கி விதி. 10 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது, குழுவின் சேமிப்பை முடக்கவும் கூடாது. கிராமப்புற மகளிர் குழுக்களுக்கு 3 லட்சம் வரை வருஷத்துக்கு 7 சதவீத வட்டிதான். கிளையில் வேறு மாதிரிச் சொன்னால் குழுக்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்பையோ, கலெக்டர் ஆபீசில் உள்ள மகளிர் திட்ட அலுவலகத்தையோ கூட்டிக்கொண்டு திரும்பப் போங்கள்.

பணம் வந்ததும் ஆளுக்குச் சமமாகப் பிரிக்கும் பழக்கம் நிறைய குழுக்களில் இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடே இல்லை. தேவையில்லாதவர் கையில் போன பங்கு செலவாகிவிடும், இல்லையென்றால் அவர் பெயரில் வேறு யாரோ வாங்கிப் போவார்கள், கடைசியில் தவணை கட்ட எல்லோரும் முழிப்பீர்கள். தொழிலைக் கேட்டுப் பிரித்துக் கொடுங்கள். தவணையும் அப்படித்தான்: கறவை மாடு வாங்கியவருக்குச் சொசைட்டியில் பால் பணம் முறையாக வரும், அவர் மாதாமாதம் கட்டிவிடுவார், ஆட்டுக்குட்டி வாங்கியவருக்கு அது வளர்ந்து விற்கும்வரை கையில் காசு இருக்காது, கூலி வேலைக்குப் போகும் நாட்களைப் பார்த்துத்தான் அவர் தவணையை வைக்க வேண்டும்.

அப்புறம், தனியார் மைக்ரோ ஃபைனான்ஸ் ஆட்கள் கொடுப்பதையும் ஊரில் குழுக் கடன் என்றுதான் சொல்கிறார்கள். அது வேறு, வட்டியும் அதிகம். ஏற்கெனவே வாங்கியிருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: வீட்டின் எல்லாக் கடன்களுக்கும் சேர்த்துத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டும்படி அவர்கள் கடன் கொடுக்கக் கூடாது, வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் வரவோ கூப்பிடவோ கூடாது, மிரட்டவும் கூடாது. இவை 2022 முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதிகள். மீறினால் முதலில் அந்த நிறுவனத்துக்கே எழுத்தில் புகார் கொடுங்கள், 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் கிடையாது.