லிமிடெட் எடிஷன் வினைல் மறுபதிப்பு: அறிவிப்பிலிருந்து ஊசி வைக்கும் வரை

உயிருக்கு உயிரான ஒரு ராக் ஆல்பம் மறுபடியும் வினைலில் வருகிறது, அதுவும் எண் போட்ட லிமிடெட் எடிஷன் என்று அறிவிப்பு வந்துவிட்டால் ரசிகர்களுக்கு அன்றைக்கு வேறு வேலை ஓடாது. என்ன நிறம், எத்தனை பிரதி, யார் கட் செய்தது, போஸ்டர் உண்டா என்று பேச்சு பறக்கும். புதிதாக வந்தவருக்கு இதில் பாதி வார்த்தை புரிவதற்குள் 'விற்றுத் தீர்ந்தது' என்ற வரி வந்துவிடும். அப்படி முதல் முறையாக ஒரு தட்டு வாங்கப் போகிறவர்களுக்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலிலேயே என் கட்சியைச் சொல்லிவிடுகிறேன். மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருப்பவை பெரும்பாலும் அலங்காரம். ஒலியைத் தீர்மானிப்பவை மூன்று: எந்த மாஸ்டரிலிருந்து (அதாவது ஸ்டூடியோவில் முடித்த மூலப் பதிவிலிருந்து) எடுத்தார்கள், யார் கட் செய்தார் (அந்த ஒலியை ஊசி ஓடும் பள்ளமாக வெட்டியவர் யார்), எவ்வளவு ஒழுங்காகத் தட்டை அழுத்தினார்கள்.

படி 1: இந்த ஆல்பத்துக்கு மறுபதிப்பு தேவையா என்று பாருங்கள்

70களில் சக்கைப்போடு போட்ட ஆல்பம் என்றால் பழைய பிரதிகள் ஏராளமாக அச்சாகியிருக்கும். நல்ல நிலையில் ஒன்றைத் தேடிப் பிடித்தால் அதுவே போதும், புதுப் பதிப்புக்கு அடித்துக்கொள்ள வேண்டியதில்லை. 90களின் கதை வேறு. அது சிடியின் ராஜ்ஜியம். பல ராக் ஆல்பங்கள் வினைலில் கொஞ்சமாகத்தான் வந்தன. அந்தப் பிரதிகளை வைத்திருப்பவர்கள் விற்பதில்லை, விற்பவர்கள் சொல்லும் விலை தலையைச் சுற்ற வைக்கும். 90களின் மறுபதிப்புகளுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் நடப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

மை பிளடி வேலன்டைனின் 'லவ்லெஸ்' 1991இல் வந்தது. கிட்டார் கலைஞர் கெவின் ஷீல்ட்ஸ் அதை முழுக்க அனலாக் முறையில், அதாவது நடுவே டிஜிட்டல் எதுவும் இல்லாமல், கட் செய்வித்து 2018இல் மறுபடி வெளியிட்டார். அந்த மாதிரிப் பதிப்புக்கு வரிசையில் நிற்பதில் அர்த்தம் இருக்கிறது. ஏற்கெனவே நாலைந்து முறை வந்த அதே மாஸ்டரை, நிறத்தை மட்டும் மாற்றி மறுபடி விற்றால் அதற்கு அவசரப்பட வேண்டாம்.

படி 2: அறிவிப்பை வரி வரியாகப் படியுங்கள்

'180 கிராம்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். சாதாரணத் தட்டு 120 முதல் 140 கிராம் வரை இருக்கும். இது கொஞ்சம் கனம், கையில் பிடிக்க நன்றாக இருக்கும். பள்ளத்தின் ஆழம் இதனால் கூடிவிடாது, ஒலியும் தானாக உயர்ந்துவிடாது.

நிறத்தைப் பற்றி நிறையச் சண்டை நடக்கும். நல்ல ஆலையில் அழுத்திய நிறத்தட்டுக்கும் கறுப்புத் தட்டுக்கும் காதில் பெரிய வேறுபாடு இருக்காது. படம் பதித்த பிக்சர் டிஸ்க் மட்டும் விதிவிலக்கு. படத்தின் மேல் மெல்லிய படலம் போட்டு அதில் பள்ளத்தை அழுத்துவதால் பின்னணி இரைச்சல் பெரும்பாலும் கூடுதல். சுவரில் மாட்டலாம், கேட்பதற்கு வேறு வாங்குங்கள்.

அப்புறம், எத்தனை தட்டு என்று பாருங்கள். இது பலர் கவனிக்காத இடம். தட்டு நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்ற ஒரே வேகத்தில்தான் சுற்றுகிறது. ஆனால் வெளி விளிம்பில் ஊசிக்கு அடியில் பள்ளம் நொடிக்குச் சுமார் 50 செ.மீ. ஓடும், நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளை நெருங்கும்போது சுமார் 20 செ.மீ.தான். அதே இசையை அதில் பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கி எழுத வேண்டியிருக்கிறது. அதனால்தான் பக்கத்தின் கடைசிப் பாட்டில் சிம்பல் ஒலியும் 'ஸ' ஓசையும் கரகரக்கும். ஒரு பக்கத்துக்கு 20 நிமிடம் வரை இருந்தால் நிம்மதி. 53 நிமிட ஆல்பத்தை ஒரே தட்டில் திணித்தால் சத்தமும் குறையும், கடைசிப் பாட்டும் பாடுபடும். ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' அந்த நீளம்தான். 1997இல் இரண்டு தட்டுகளாக வந்த அது, 2017இல் கூடுதல் பாடல்களோடு 'ஓகேநாட்ஓகே' என்று மூன்று தட்டுகளாக வந்தது. அதன் நீல நிற லிமிடெட் பதிப்புக்கு ரசிகர்கள் அலைந்ததும் நடந்தது.

'ஒரிஜினல் மாஸ்டர் டேப்பிலிருந்து' என்ற வாசகத்தைப் பார்த்தால் நிதானமாகப் படியுங்கள். மொபைல் ஃபிடெலிட்டி என்ற பெயர்பெற்ற மறுபதிப்பு நிறுவனம் அப்படி விற்ற பல தட்டுகளில், நடுவே ஒரு டிஜிட்டல் கட்டமும் இருந்தது என்று 2022இல் வெளிவந்து பெரிய ரகளையானது. வேடிக்கை என்னவென்றால், அந்தத் தட்டுகளின் அனலாக் சுகத்தைப் பலரும் அதுவரை சிலாகித்துக்கொண்டிருந்தார்கள். டிஜிட்டல் என்றாலே கெட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கட் செய்த இன்ஜினியரின் பெயர், மூல டேப், ஆலை எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொல்லும் பதிப்பை நம்பலாம். 'ரீமாஸ்டர்டு' என்ற ஒற்றைச் சொல்லோடு நின்றுவிட்டால் யார் செய்தது என்று தேடிப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 3: வாங்குவது

எத்தனை பிரதி என்று எண் சொல்லாத 'லிமிடெட்' வெறும் வார்த்தை. 1000 பிரதி என்றால் ஓட வேண்டும். 20,000 என்றால் ஒரு காபி குடித்துவிட்டே வாங்கலாம். ப்ரீ-ஆர்டர் என்றால் விற்பனை தொடங்கும் முன்பே கடையில் கணக்கு திறந்து, முகவரியையும் கார்டு விவரத்தையும் சேமித்து வையுங்கள். கூட்டம் மொய்க்கும் நேரத்தில் முகவரி தட்டிக்கொண்டிருந்தால் கூடையில் இருப்பதுகூடக் கைநழுவும்.

சுயேச்சை இசைத்தட்டுக் கடைகளின் கொண்டாட்ட நாளாக 2008இல் தொடங்கிய ரெக்கார்ட் ஸ்டோர் டேயில் (சுருக்கமாக ஆர்எஸ்டி) வரும் பதிப்பு என்றால் ப்ரீ-ஆர்டர் கிடையாது. பங்கேற்கும் கடையில் போய் வரிசையில் நிற்பதுதான். அதன் பட்டியலில் ஒரு சங்கதி இருக்கிறது. 'ஆர்எஸ்டி ஃபர்ஸ்ட்' என்று குறித்திருந்தால் அங்கே முதலில் வருகிறது, பிறகு பொதுவாகவும் வரும் என்று பொருள். அதற்காக விடியற்காலையில் எழ வேண்டியதில்லை. 'எக்ஸ்க்ளூசிவ்' என்று இருந்தால் அலாரம் வையுங்கள்.

ஆர்டரில் குறிப்பு எழுத இடம் இருந்தால், தட்டை அட்டை உறைக்கு வெளியே வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால், பெட்டி கீழே விழும் ஒவ்வொரு முறையும் தட்டின் விளிம்பு உறையின் தையலை இடிக்கும். ஒரு மூலை கிழிந்தபடிதான் வந்து சேரும். பிளாஸ்டிக் பிரிக்காமல்தான் வேண்டும் என்பவர்களுக்கு இந்த வழி இல்லை, அது அவர்கள் பாடு.

தவறிப்போனால் அன்றைக்கே மூன்று மடங்கு விலை சொல்பவரிடம் போய் விழாதீர்கள். அறிவித்த வாரத்தில்தான் சூடு உச்சத்தில் இருக்கும்.

படி 4: பிரித்துப் பார்ப்பது

பார்சலைத் திறக்கும் முன்பே படம் எடுங்கள். புகார் கொடுக்க நேர்ந்தால் உதவும். பிளாஸ்டிக்கை உறையின் திறந்த வாய்ப் பக்கம் மட்டும் நகத்தாலோ மழுங்கிய கத்தியாலோ கீறுங்கள். ஸ்டிக்கர் அந்த பிளாஸ்டிக்கின் மேல்தான் இருக்கும். வேண்டும் என்றால் கவனமாக வெட்டி உறைக்குள் போட்டு வையுங்கள்.

தட்டை எடுக்கும்போது விளிம்பு உள்ளங்கையிலும் விரல் நுனிகள் லேபிளிலும் இருக்கட்டும். பள்ளத்தில் விரல் படவே கூடாது. ஒரு விளக்கின் கீழ் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். மெல்லிய மேலோட்டமான கோடுகள் காகித உறையில் உரசியவை, பெரும்பாலும் கேட்காது. நகத்தை நிறுத்தும் ஆழத்தில் கீறல் இருந்தால் கேட்கும். கறுப்புக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மங்கலான திட்டு தெரிந்தால் நினைவில் வையுங்கள், படி 8இல் அதற்கு வருகிறோம்.

படி 5: டெட் வேக்ஸைப் படியுங்கள்

கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே பாட்டு இல்லாத வழுவழுப்பான வளையம் இருக்கிறதே, அதுதான் டெட் வேக்ஸ். ரசிகர்கள் அங்கேதான் மூக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்தால் எழுத்துகள் தெரியும்.

அவை எப்படி அங்கே வந்தன? இன்ஜினியர் முதலில் லேக்கர் பூசிய அலுமினியத் தட்டில் பள்ளத்தை வெட்டுகிறார். அதன் மேல் வெள்ளி தெளித்து, நிக்கல் படிய வைத்து உரித்தால் 'ஃபாதர்'. அதிலிருந்து 'மதர்'. அதிலிருந்து 'ஸ்டாம்பர்'. இந்த ஸ்டாம்பர்தான் சூடான வினைலை அழுத்துகிறது. ஆயிரம் பிரதி வாக்கில் தேய்ந்து மாற்ற வேண்டிவரும். லேக்கரில் இன்ஜினியர் கையால் கீறிய எழுத்து இத்தனை தலைமுறை தாண்டி உங்கள் பிரதிக்கும் வந்துவிடுகிறது.

லெட் செப்பலின் இரண்டாவது ஆல்பத்தின் 1969 பிரதிகளில் சிலவற்றில் 'ஆர்எல்' என்ற எழுத்துகள் இருக்கும். கட் செய்த ராபர்ட் லட்விக்கின் முதலெழுத்துகள் அவை. பேஸும் டிரம்ஸும் முழு வீச்சில் இருக்கும் அந்தக் கட்டைத் தேடி இன்றும் ஆட்கள் அலைகிறார்கள். உறை அச்சு அசல் ஒன்றாகவே இருக்கும், விலை மட்டும் எங்கேயோ போய்விடும். ஜார்ஜ் பெக்கம் என்ற இன்ஜினியர் 'எ போர்க்கி பிரைம் கட்' என்றே எழுதிவைப்பார்.

உங்கள் தட்டில் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் குறித்துக்கொண்டு டிஸ்காக்ஸ் தளத்தில் அந்த ஆல்பத்தின் பதிப்புகளோடு ஒப்பிடுங்கள். எந்த ஆலை, எந்தக் கட் என்பது பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும்.

படி 6: புதுத் தட்டையும் துடைக்க வேண்டும்

காகித உறையின் தூசும் அச்சின்போது ஒட்டிய துகளும் புதிதிலேயே இருக்கும். கார்பன் ஃபைபர் பிரஷ்ஷைச் சுற்றும் தட்டின் மேல் லேசாக வைத்து, இரண்டு சுற்று விட்டு, வெளிப்பக்கமாக இழுத்து எடுங்கள். போதாவிட்டால் டிஸ்டில்டு வாட்டரும் மைக்ரோஃபைபர் துணியும். பள்ளத்தின் போக்கிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே கூடாது. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு தங்கும், வேண்டாம். சாதா காகித உறையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆன்டிஸ்டாட்டிக் உறை வாங்குங்கள். இந்தப் பொழுதுபோக்கில் இவ்வளவு மலிவாக இவ்வளவு பலன் தரும் பொருள் வேறு இல்லை.

படி 7: டர்ன்டேபிளைச் சரிசெய்வது

முதலில் மட்டம் பாருங்கள். ஸ்பீக்கரும் டர்ன்டேபிளும் ஒரே பலகையில் வேண்டாம். பேஸ் அதிர்வு ஊசி வழியாகத் திரும்பி வந்து ஊளையிடும்.

அடுத்தது ஊசியின் அழுத்தம். ஆன்டி-ஸ்கேட் திருகை (ஊசி தட்டின் நடுப்பக்கம் இழுபடுவதைச் சமன்செய்வது) பூஜ்யத்தில் வைத்துவிட்டு, ஊசியின் மூடியைக் கழற்றுங்கள். ஊசியைத் தாங்கும் கையான டோன் ஆர்மின் பின்னால் இருக்கும் எடையை மெதுவாகத் திருகுங்கள். ஆர்ம் மேலேயும் போகாமல் கீழேயும் சாயாமல் தட்டுக்கு இணையாக மிதக்கும் ஒரு நிலை வரும். அப்போது எடை நகராமல், அதன் முன்னால் இருக்கும் எண் வளையத்தை மட்டும் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். இப்போது இரண்டையும் சேர்த்து, ஊசி பொருந்தியிருக்கும் கேட்ரிட்ஜுக்குச் சொல்லியிருக்கும் எண் வரை திருகுங்கள். ஆர்ட்டோஃபான் 2எம் ரெட் என்றால் 1.8 கிராம், ஆடியோ-டெக்னிகா விஎம்95இ என்றால் 2 கிராம். ஆன்டி-ஸ்கேட்டையும் அதே எண்ணில் வைத்துத் தொடங்கலாம். அழுத்தம் குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. நேர் எதிர். ஊசி பள்ளத்தில் நிலைகொள்ளாமல் சுவரை மோதும், அதுதான் சேதம்.

ஃபோனோ ப்ரீ-ஆம்ப்பை மறக்காதீர்கள். கட் செய்யும்போது பேஸைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டித்தான் எழுதுகிறார்கள். அதைப் பழையபடி திருப்புவது இந்தப் பெட்டியின் வேலை. இல்லாமல் நேரே ஆம்ப்ளிஃபையரில் சொருகினால் ஒலி சன்னமாக, கீச்சென்று வரும். டர்ன்டேபிளுக்குள்ளேயே ப்ரீ-ஆம்ப் இருந்தால் வெளியில் இன்னொன்று வேண்டாம்.

படி 8: முதல் முறை கேட்கும்போது

வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் எல்லாப் பக்கமும் கேளுங்கள். திருப்பி அனுப்பும் அவகாசம் முடிவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.

அங்கொன்றும் இங்கொன்றுமாக 'டப்' என்று கேட்டால் தூசு அல்லது நிலைமின்சாரம். துடைத்தால் போகும். 1.8 நொடிக்கு ஒரு முறை கடிகாரம் மாதிரி ஒரே இடைவெளியில் கேட்டால், தட்டின் ஒரு சுற்று அவ்வளவு நேரம்தான், ஆகவே அது கீறல் அல்லது அச்சுக் கோளாறு. துணி கிழிவதுபோல 'சர்ர்' என்று ஒரு பக்கத்து ஸ்பீக்கரில் வந்தால் நான்-ஃபில்: வினைல் பள்ளத்தை முழுக்க நிரப்பாமல் போன இடம். சாம்பல் திட்டு தெரிந்ததே, அது இதுவாக இருக்கலாம். எத்தனை முறை கழுவினாலும் போகாது, மாற்றிக் கேளுங்கள். பியானோவும் நீண்ட கிட்டார் சுரமும் அலைந்தால் நடுத்துளை மையத்தில் இல்லை. டோன் ஆர்மைப் பாருங்கள், இடவலமாக ஆடிக்கொண்டிருக்கும். அதுவும் மாற்றத் தகுந்த குறைதான். மேலும் கீழும் லேசாக ஏறி இறங்கினால் தட்டு கொஞ்சம் வளைந்திருக்கிறது, ஒலியில் தெரியாத வரை விட்டுவிடலாம்.

கேட்டு முடித்ததும் செங்குத்தாக நிற்க வையுங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள், வெயில் படும் ஜன்னலோரம் வேண்டாம். அவ்வளவுதான்.

படி 9: கிடைக்காதவர்களுக்கு

லிமிடெட் நிறத்தோடு சாதாக் கறுப்புப் பதிப்பும் பல நேரம் கூடவே வரும். அதைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இரண்டின் டெட் வேக்ஸ் எழுத்துகளையும் டிஸ்காக்ஸில் வைத்துப் பாருங்கள். ஒன்றாக இருந்தால் ஒரே லேக்கரிலிருந்து வந்தவை, கட் ஒன்றேதான். எண் போட்ட அட்டையும் நிறமும் மட்டும்தான் உங்களிடம் இருக்காது. வேறாக இருந்தால் இரண்டாவது அச்சு வருமா என்று அந்த இசைக்குழுவின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்து காத்திருங்கள்; நன்றாக விற்ற ஆல்பத்தை ஒரே தடவையோடு விட்டுவிட நிறுவனங்களுக்கு மனசு வருவதில்லை.