பூஞ்சை இல்லை, தோட்டா: எஜெக்டிசோமை ஆராய்பவர்கள் சறுக்கும் இடங்கள்

பெங்களூரு அல்சூர் ஏரித் தண்ணீரில் ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் விட்டு, மூடியும் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனார் எங்கள் ஆய்வகத்துத் தம்பி. திரும்பி வந்து பார்த்தால் கிரிப்டோமோனாஸ் என்ற ஒருசெல் பாசியைச் சுற்றிலும் நூல் நூலாக ஏதோ கிடக்கிறது. "அக்கா, பூஞ்சை புடிச்சிடுச்சு போல!" பூஞ்சை எங்கே வந்தது? மூடி அழுத்தியது, விளக்குச் சூடு ஏறியது, தண்ணீர் வற்றியது. பாசி தன் தோட்டாக்களையெல்லாம் சுட்டுத் தீர்த்துவிட்டது. ஃபார்மலின் ஊற்றினாலும் இதே கதைதான். ஆகவே எதையும் ஊற்றுவதற்கு முன் உயிரோடு இருக்கும்போதே பார்த்துவிடுங்கள்.

இந்தத் தோட்டாவுக்குப் பெயர் எஜெக்டிசோம். தையற்காரர் டேப்பைச் சுருட்டி வைத்ததுபோல ஒரு பெரிய சுருள். அதன் குழிவில் ஒரு சின்னச் சுருள். சீண்டினால் நாடா விரிந்து, ஓரங்கள் உள்மடிந்து குழல்போல ஆகும். அந்த உதைப்பில் செல் எகிறித் தள்ளிப்போகும்.

எனக்கு அதிகம் எரிச்சல் தரும் தவறு, இதைப் பாரமீசியம் என்ற ஒருசெல் உயிரி சுடும் ட்ரைக்கோசிஸ்டோடு ஒன்றாக்குவது. பழைய கட்டுரைகள் இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததால் வந்த வினை. பாரமீசியத்தில் இருப்பது நாடா அல்ல. படிகம்போல் அடுக்கிய புரதம். கால்சியம் பட்டதும் சில மில்லிசெகண்டில் ஏறத்தாழ 8 மடங்கு நீளும். கிரிப்டோஃபைட்டின் (கிரிப்டோமோனாஸ் சேர்ந்த பாசிக் கூட்டத்தின்) நாடாப் புரதங்களுக்கு உறவு வேறிடத்தில். 2012-இல் வந்த ஓர் ஆய்வு, பாரமீசியத்துக்குள் குடியிருக்கும் பாக்டீரியாவின் 'ஆர்-பாடி' என்ற சுருள்நாடாவின் புரதங்களோடு அவை ஒத்திருப்பதைக் காட்டியது. பக்கத்து வீட்டுக்காரரை விட்டு அவர் வீட்டுக் குடித்தனக்காரரோடு சொந்தம்!

டைனோஃபிளாஜெல்லேட்டுகள் என்ற இன்னொரு ஒருசெல் கூட்டத்திலும் இதே ஏமாற்றம் உண்டு. அதில் ஒன்றான பாலிகிரிகோஸின் கொட்டும் உறுப்பு ஜெல்லிமீனுடையதை அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். ஆனால் இரண்டும் தனித்தனியே உருவானவை என்று 2017-இல் வந்த மரபணு ஆய்வு சொல்கிறது.

அடுத்தது, புரதங்களை அளவு வாரியாகப் பிரித்துப் பார்க்கும் ஜெல். எஜெக்டிசோம் புரதங்கள் மிகச் சிறியவை, ஆனால் முரட்டுத்தனமானவை. சாதாரண டிடர்ஜென்ட்டுக்கு நாடா அசையாது. வடிகட்டி வீசிய கசடிலேயே நீங்கள் தேடும் புரதம் போய்விட்டிருக்கும். கரைத்துவிட்டாலும் வழக்கமான ஜெல்லில் முன்னால் ஓடும் சாயக்கோட்டோடு சேர்ந்து ஓடி மறைந்துவிடும். சின்னப் புரதங்களுக்கான டிரைசின் ஜெல் போடுங்கள். "பேண்டே வரலை, புரதமே இல்லை" என்று அந்தத் தம்பி இரண்டு வாரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாக ஒன்று. ஆர்-பாடி போன்ற மரபணுக்கள் பல பாக்டீரியாக்களிலும் உண்டு. ஏரியிலிருந்து எடுத்து வளர்த்த பாசியோடு பாக்டீரியாவும் குடும்பமாக வளரும். அந்தக் குடுவையில் ஒத்த மரபணு வரிசை ஒன்று கிடைத்தால், இன்ட்ரான் (பாக்டீரியா மரபணுக்களில் பொதுவாக இல்லாத இடைத்துண்டு) இருக்கிறதா, பக்கத்து மரபணுக்கள் யாருடையவை என்று பார்த்துவிட்டு அப்புறம் பாசியின் பெயரை எழுதுங்கள்.