ஸ்னோமொபைலின் இழுகயிறு உருகினால் எங்கே பார்ப்பது

வட ஒன்டாரியோவில் நிப்பிசிங் ஏரி உறைந்த பிறகு, பனியில் துளை போட்டு மீன் பிடிக்க என் பழைய ஸ்னோமொபைலில்தான் (பனிமேல் ஓடும் வண்டி) போவேன். ஃபேன் காற்றில் குளிரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சின். எலக்ட்ரிக் ஸ்டார்ட் கிடையாது, கயிற்றை இழுத்துத்தான் எஞ்சினைக் கிளப்ப வேண்டும். கரையிலிருந்து நாலு கிலோமீட்டர் தள்ளி, மைனஸ் 25 டிகிரியில், அந்த இழுகயிறு ஒன்றுதான் வீடு திரும்பும் வழி. ஒரே குளிர்காலத்தில் இரண்டு முறை அது கையோடு அறுந்து வந்தது. இரண்டு முறையும் கயிற்றை மட்டும் மாற்றினேன். அது தவறு. கயிறு உருகியிருந்தால் முதலில் தேட வேண்டியது அதைச் சுட்ட இடத்தை.

முதலில் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: சூட்டினால் கெட்டதா, குளிரினால் இறுகியதா? உள்ளே ஈரம் புகுந்து உறைந்தாலும் கயிறு விறைத்துக்கொண்டு திரும்பச் சுருளாது. வண்டியைச் சூடான கராஜில் இரண்டு மூன்று மணி நேரம் நிறுத்துங்கள். இளகிவிட்டால் அது வெறும் பனிக்கட்டிதான், உலர்த்தினால் போதும். அப்போதும் கயிறு ஓரிடத்தில் மட்டும் கம்பிபோல் விறைத்து, மேற்பரப்பு பளபளத்து, இழைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் அது சூடுதான். நைலான் வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரிக்குள் உருகிவிடும். எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் இடத்தின் சூடு அதைச் சுலபமாகத் தாண்டும்.

இனி அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கயிற்றை மெதுவாக இழுத்து, உருகிய இடத்தில் ஒரு துணித்துண்டைக் கட்டுங்கள். விட்டதும் அது எங்கே போய் நிற்கிறதோ, அதன் அக்கம்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். உருகிய இடம் உள்ளே கப்பியில் சுற்றியிருக்கும் பகுதியில் என்றால், ரிகாயிலின் (இழுத்த கயிற்றைத் திரும்பச் சுருட்டும் பாகம்) கூட்டைச் சுற்றியே தேடுங்கள். என் வண்டியில் புகைக்குழாய் இணைப்பின் மேல் கறுப்பு எண்ணெய்க் கறை கோடாக வழிந்திருந்தது. இணைப்பை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகளில் ஒன்று உடைந்து காணாமல் போயிருந்தது. உள்ளே கசிவை அடைக்கும் வளைய கேஸ்கெட்டும் தேய்ந்திருந்தது. அந்த இடுக்கு வழியாகச் சுடுபுகை நேரே கயிற்றின் மேல் பாய்ந்திருக்கிறது. சந்தேகம் இருந்தால் திறந்த வெளியில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து முதல் அரை நிமிடம் பாருங்கள். கசிகிற இடத்தில் புகை தெரியும். மூடிய கொட்டகைக்குள் இதைச் செய்யவே வேண்டாம், கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொன்றுவிடும். கசிவே இல்லையென்றால், கயிறு அதன் வழிகாட்டி வளையத்திலிருந்து நழுவிக் குழாயில் உரசுகிறதா என்று பாருங்கள். வெப்பத் தடுப்புத் தகடு கழன்றிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள்.

காரணத்தைச் சரி செய்த பிறகுதான் ரிகாயிலைக் கழற்ற வேண்டும். சாவியை எடுத்துவிடுங்கள், எஞ்சின் ஆறட்டும், பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் சுருள் ஸ்பிரிங் தெறித்தால் முகத்தைக் கிழித்துவிடும். கப்பியைத் தூக்கும்போது ஸ்பிரிங் கூட்டோடு படிந்தே இருக்க, மெதுவாக ஆட்டி எடுங்கள். இந்தச் சூட்டில் பெரும்பாலும் ஸ்பிரிங் கெடாது. கிரீஸ்தான் காய்ந்து பிசினாகிவிடும். அதைத் துடைத்துவிட்டு, குளிரில் இறுகாத கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். பிளாஸ்டிக் கப்பியைத் தனியாகச் சுழற்றிப் பாருங்கள். ஆடினால் கோணிவிட்டது என்று அர்த்தம். ராவிச் சமாளிக்காமல் புதிதாக வாங்கிவிடுங்கள்.

புதுக் கயிறு பழையதன் தடிமனிலும் நீளத்திலும் இருக்க வேண்டும். நீளம் கூடினால் கப்பியில் பிதுங்கிச் சிக்கும். ஸ்பிரிங்கை எத்தனை சுற்று முறுக்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும், மேனுவலைப் பாருங்கள். மாட்டியதும் இதைச் சோதியுங்கள்: கயிற்றை முழுவதும் இழுத்த பிறகும் கப்பியைக் கையால் இன்னும் கொஞ்சம் திருப்ப முடிய வேண்டும். முடியாவிட்டால் ஸ்பிரிங் இறுதிவரை இறுகிவிட்டது, சீக்கிரமே உடையும். ஒரு சுற்றைக் குறையுங்கள். அப்புறம் கைப்பிடியை விட்டால் அது தொய்யாமல் போய் உட்கார வேண்டும்.

அரை மணி நேரம் ஓட்டிவிட்டு எஞ்சினை அணைத்து, ஆறியதும் கயிற்றை முழுவதும் இழுத்து விரல்களுக்கிடையில் ஓடவிடுங்கள். எங்காவது பளபளப்போ பிசுபிசுப்போ தட்டுப்பட்டால் கசிவு இன்னும் நிற்கவில்லை, ஏரிக்குப் போகாதீர்கள். என் இருக்கைக்கு அடியில் இப்போது ஒரு கயிறும் இரண்டு புகைக்குழாய் ஸ்பிரிங்குகளும் எப்போதும் இருக்கின்றன.