முழங்கால் பின்னோக்கி வளைகிறவர்களுக்கான பயிற்சி

மூட்டுகள் அளவுக்கு மீறி வளைகிறவர்களுக்கு முதலில் வேண்டியது பிடிமானம். எலும்புகளை மூட்டில் இணைத்துக் கட்டும் தசைநார்கள் தளர்வாக இருப்பதால் மூட்டைத் தாங்கும் பாரம் தசைகள்மேல் விழுகிறது. பின்தொடை இறுக்கமாக இருக்கிறதே என்று இழுத்து நீட்டாதீர்கள். பல நேரம் அது தளர்ந்த மூட்டைக் காக்கத்தான் இறுகியிருக்கும்.

காலை நீட்டி உட்கார்ந்து, சுருட்டிய சிறு துண்டை முழங்காலுக்கு அடியில் வையுங்கள். பாதி பலத்தில் துண்டை அழுத்துங்கள். தொடையின் முன்தசை இறுகுவதைக் கையால் தொட்டுப் பாருங்கள். 5 வினாடி பிடித்து, மெதுவாக விடுங்கள். 8 முறை போதும். குதிகால் தரையைவிட்டு எழும்பினால் அழுத்தம் அதிகம். மூச்சை அடக்கவே கூடாது.

அடுத்து நிற்பது. இதுதான் கடினம், ஏனென்றால் முழங்காலைப் பின்னுக்குத் தள்ளிப் பூட்டி நிற்பதே உங்களுக்கு நேராக நிற்பதுபோல் தோன்றும். அந்த உணர்வை நம்பாமல், பக்கவாட்டில் கண்ணாடி வைத்துப் பாருங்கள். வெறுங்காலுடன், ஒரு கையைச் சுவரில் வைத்து, முழங்காலை மயிரிழை மடக்குங்கள். எடை குதிகால், பெருவிரலடி, சுண்டுவிரலடி மூன்றிலும் இறங்கட்டும். 20 வினாடி நில்லுங்கள். கால் களைத்து முழங்கால் ‘டக்’கென்று பின்னால் போனால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

மறுநாளும் மூட்டு வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மூட்டு நழுவினாலோ, மரத்துப்போனாலோ, எழுந்தால் தலைசுற்றினாலோ பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.