“என்ன படிக்கிறீங்க?” என்று கேட்காதீர்கள்: அம்மாக்கள் புத்தகம் பேச ஒரு செய்முறை

போன ஜூனில் பள்ளி திறந்த வாரம், மகன் வகுப்பு அம்மாக்களின் வாட்ஸாப் குரூப்பில் ஒரு கேள்வி போட்டேன். “இப்ப என்ன படிக்கிறீங்க? நல்லா இருந்தா சொல்லுங்க.”

ஐந்து நிமிடத்தில் ஏழு பதில். “மூணாவது, பி செக்‌ஷன்.” “பெரியவ ஆறாவது, சின்னவன் யுகேஜி.” ஒருவர் மட்டும் தனியாக அனுப்பியிருந்தார்: “பி.எட். பாதியிலயே விட்டுட்டேன்க்கா. ஏன் கேக்குறீங்க?”

அவர்கள் மேல் தப்பில்லை. நம் ஊரில் படிப்பு என்றால் பள்ளிக்கூடம். அதற்காக “என்ன வாசிக்கிறீங்க?” என்று கேட்டால் பட்டிமன்ற நடுவர் மாதிரி இருக்கும். அந்த ஒரு சொல்லிலேயே தடுக்கி விழுந்தவள் நான். இன்று சேலத்தில் கன்னங்குறிச்சி, கோரிமேடு, அஸ்தம்பட்டி என்று மூன்று ஏரியாவில் பதினொரு அம்மாக்கள் புத்தகம் மாற்றிக்கொள்கிறோம். எப்படி என்று சிலர் கேட்டதால் எழுதுகிறேன். ‘படி 1, படி 2’ என்று போட்டால் மறுபடியும் அதே குழப்பம் வரும். அதனால் முதலில், அடுத்து என்றே சொல்லிப் போகிறேன்.

முதலில்: ஆட்கள்

ஐந்து பேர் போதும். குரூப் தொடங்குவது எப்படி என்று நான் விளக்கப்போவதில்லை. கல்யாணப் பத்திரிகையே அதில்தான் வருகிறது, உங்களுக்குத் தெரியாததா? ஒன்று மட்டும்: பள்ளி குரூப்பில் இதைச் செய்யாதீர்கள். “நாளை கலர் டிரஸ்ஸா யூனிஃபார்மா” என்ற கேள்விக்கு நடுவில் புத்தகம் காணாமல் போகும்.

அடுத்து: கேள்வி கேட்பது

இங்கேதான் எனக்கு இரண்டு மாதம் வீணானது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படிக்கிற குழப்பம் தீர்ந்ததும், தனி குரூப்பில் வாக்கெடுப்பு வைத்துப் பார்த்தேன். வாட்ஸாப் போலில் 12 விருப்பங்கள் வரை கொடுக்கலாம். பன்னிரண்டையும் நிரப்பி, ‘இதில் எதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ என்று போட்டேன். ஒன்பது பேர் பொன்னியின் செல்வனைத் தொட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் விஷயம் புரிந்தது: யார் எதைத் தொட்டார்கள் என்பது அந்தப் போலில் எல்லோருக்கும் பெயரோடு தெரியும். பத்துப் பேர் பார்க்கும் இடத்தில் யார் மாத நாவலைத் தொடுவார்கள்? அந்த ஒன்பதில் ஐந்து பாகமும் முடித்தவர் யாருமில்லை, முதல் பாகம் முடித்தவர் இரண்டு பேர், மற்றவர்கள் படம் பார்த்தவர்கள். இது பிறகு ஒரு நாள் தட்டுவடை செட் (இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் பீட்ரூட் துருவலும் வைத்துத் தரும் எங்கள் ஊர்ப் பண்டம்) தின்னும்போது வெளிவந்த ரகசியம்.

அடுத்த முயற்சி இன்னும் மோசம். நானே ஆறு புத்தகத்தின் அட்டையைப் படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி பரிந்துரை எழுதினேன். நாலு கட்டைவிரல், ஒரு “சூப்பர்க்கா”. அவ்வளவுதான்.

பலித்தது தற்செயலாக. ஒரு வியாழக்கிழமை மாலை, பள்ளி வேன் வரும் வரை மர நிழலில் நின்றுகொண்டிருந்தேன். பையில் இருந்த புத்தகத்தைத் திறந்தால் அதே 47ஆம் பக்கம். அடையாளத்துக்கு வைத்திருந்தது செவ்வாய்ப்பேட்டையில் மகளின் கொலுசை மெருகு போடக் கொடுத்த சீட்டு. வாங்க வேண்டிய தேதியே தாண்டியிருந்தது. சிரிப்பு வந்தது. அந்தப் பக்கத்தைச் சீட்டோடு படம் எடுத்துப் போட்டேன்: “மூணு வாரமா இந்தப் பக்கத்தைத் தாண்டல. உங்க புத்தகம் எங்க நிக்குது?”

வேன் வருவதற்குள் நாலு படம். பஸ் டிக்கெட் செருகிய மாத நாவல். மஞ்சள் கறையோடு ஒரு சமையல் புத்தகம். கந்த சஷ்டி கவசம். தையல் மெஷின் மேல் துணிக்கடியில் பாதி தெரியும் ஒரு நூலகப் புத்தகம், அதற்கு அடையாளம் ஒரு இஞ்ச் டேப்.

ஆக, என்ன புத்தகம் என்று கேட்டால் பெருமையாக ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கே நிற்கிறது என்று கேட்டால் நின்றுபோனவர்கள் எல்லோரும் வந்துவிடுகிறார்கள். நின்றுபோகாத அம்மா யார்? இப்போது நாங்கள் கேட்பது இந்த மூன்றுதான், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்:

“கையில இருக்கிற புத்தகம் எது? எந்தப் பக்கத்துல நிக்குது? ஏன் நிக்குது?”

கேட்பவர் தன் பதிலை முதலில் போட வேண்டும், பொய் கூடாது. நேரம்: மாலை மூன்றரைக்கு மேல், வேனுக்குக் காத்திருக்கும்போது. ஞாயிறு காலையில் போடாதீர்கள். கறி எடுக்கப் போகும் நேரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள்.

இன்னொன்று. பதில் வந்ததும் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்பது முக்கியம். மாத நாவல் படம் போட்ட அக்காவிடம் நான், “இதை முடிச்சுட்டு இதைப் படிச்சுப் பாருங்க, இன்னும் ஆழமா இருக்கும்” என்று ஒரு பெயரைச் சொன்னேன். உதவி செய்வதாக நினைப்பு. அந்த அக்கா ஒரு மாதம் குரூப்பில் வாயே திறக்கவில்லை. பள்ளி வாசலில் பார்த்தால் சிரிப்பார், அத்தோடு சரி. கடைசியில் நானே போய் அந்த நாவலைக் கேட்டு வாங்கினேன். ராத்திரி ஒன்றரை மணி வரை கீழே வைக்க முடியவில்லை. “கடைசியில அந்த டாக்டர் ஏன்க்கா அப்படிப் பண்ணான்?” என்று அப்போதே அனுப்பிவிட்டுப் படுத்தேன். காலை ஆறு மணிக்கு போன். இட்லி ஊற்றிக்கொண்டே இருபது நிமிடம் பேசினார்.

அவர் தரும் புத்தகத்தை நீங்கள் வாங்கிப் படித்த பிறகு உங்களுடையதைக் கொடுங்கள். வரிசை மாறக் கூடாது.

பதிவேடு

படமும் பேச்சும் குரூப்பில் இருக்கட்டும். ஆனால் ‘அந்தப் புத்தகம் யார்கிட்ட இருக்கு’ என்ற கேள்விக்கு ஒரு பதிவு வேண்டும். கூகுள் ஷீட்டில் தொடங்கினேன். யாரோ போனில் பார்க்கும்போது பெயர் இருந்த ஒரு பத்தியை மட்டும் அகர வரிசையாக அடுக்கிவிட்டார்கள். பக்கத்துப் பத்திகள் அசையாமல் இருக்க, பெயர்கள் மட்டும் இடம் மாறிவிட்டன. சுந்தர காண்டம் படிக்கும் அக்கா பெயருக்கு எதிரே ஒரு கொலைக் கதை. “நான் எப்பம்மா இதெல்லாம் படிச்சேன்?” என்றார்.

அன்றிலிருந்து 192 பக்கக் கோடு போட்ட நெட்டு நோட்டுதான். பேட்டரி தீராது, பாஸ்வேர்டு கிடையாது. பத்திகள்: தேதி, பெயர், புத்தகம், நிற்கும் பக்கம், சொந்தமா நூலகமா, இப்போது யாரிடம். பெயர்ப் பத்தியில் சொந்தப் பெயரை எழுதச் சொல்லுங்கள். போனில் நாம் எல்லோரும் பிள்ளை பெயரோடு ‘அம்மா’ சேர்த்துத்தான் பதிவாகியிருக்கிறோம். ஒருவரின் பெயரை நான் முதன்முதலாக அறிந்ததே அந்த நோட்டில்தான். இரண்டு வருடப் பழக்கம்.

நோட்டு பிள்ளைகளின் பையில் வீடு வீடாகப் போகும். ஒருமுறை வீட்டுப்பாட நோட்டு என்று நினைத்து வகுப்பு மிஸ் திறந்துவிட்டார். பயந்துகொண்டிருந்தோம். திரும்பி வந்தபோது கடைசியில் சிவப்பு மையில் ஒரு வரி கூடியிருந்தது. ஒரு நாவல், பக்கம் 80, ‘திருத்த வேண்டிய பேப்பர் 42 இருக்கிறது’.

குரூப்பில் படம் போடும்போது கீழே புத்தகத்தின் பெயரைத் தமிழில் எழுதிவிடுங்கள். வெறும் படம் போட்டால் பிறகு பெயர் போட்டுத் தேடினால் வராது. தமிழில் தட்டத் தெரியாதவர்கள் கூகுள் கீபோர்டில் மைக்கைத் தொட்டுப் பேசினால் அதுவே எழுதும். சிலர் வாய்ஸ் மெசேஜ்தான் சுலபம் என்பார்கள். எனக்குப் பிடிக்காது. குக்கர் விசிலுக்கு நடுவில் புத்தகத்தின் பெயரைத் தேட வேண்டும்.

கைமாற்று

முதல் புத்தகம் மெல்லியதாக இருக்கட்டும். ஐந்து பாகமெல்லாம் ஆறாம் மாதத்துக்குப் பிறகு. நாங்கள் தொடங்கியது அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. சென்னையில் ஒரு தெரு, தண்ணீர்ப் பஞ்சம், குடத்தோடு அலையும் ஜமுனா. அம்மாபேட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்த ஓர் அக்கா அதைக் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, திண்ணையில் உட்கார்ந்து படித்திருக்கிறார். “தண்ணி வந்துருச்சுன்னு கத்தினாங்க. எனக்கு எந்தத் தண்ணின்னே தெரியலை” என்றார். நான் எழுதிய எந்த நாலு வரிப் பரிந்துரையும் இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாகாது. அடுத்த வாரமே அதற்கு மூன்று பேர் வரிசை.

விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றில்லை. கிளை நூலகத்தில் உறுப்பினராகுங்கள். நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாகப் போகிறது, அதை வசூல் செய்துகொள்ள வேண்டாமா? எங்கள் நூலகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அது தெரியாமல் வெயிலில் இரண்டு முறை போய்த் திரும்பினேன், நீங்கள் கேட்டுவிட்டுப் போங்கள். நூலகப் புத்தகத்தைக் கைமாற்றினால் திருப்ப வேண்டிய தேதியையும் நோட்டில் எழுதுங்கள். எடுத்தவர்தான் பொறுப்பு.

புத்தகமும் தட்டுவடை செட்டும் ஒரே மேசையில் கூடாது. சேலத்துக்காரர்களுக்கு ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை. பீட்ரூட் துருவல் 112ஆம் பக்கத்தில் விழுந்து, ஈரத்துணியால் துடைத்ததில் 113க்கும் பரவியது. துடைக்காமல் அப்படியே உலரவிட்டிருந்தால் ஒரு பக்கத்தோடு போயிருக்கும். புதுப் பிரதி வாங்கிக் கொடுத்துவிட்டேன். கறைப் பிரதி என் வீட்டில் இருக்கிறது.

சந்திப்பு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம், யார் வீட்டிலாவது. டீ மட்டும்.

ஒருமுறை ஆசைப்பட்டு ஏற்காடு போனோம். வேனில் போகும்போதே ஆளுக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுவது என்று திட்டம். அடிவாரம் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே படித்தவருக்குக் குமட்டல். இருபது வளைவு இருக்கிறது. ஐந்தாவதில் எல்லோரும் புத்தகத்தை மூடி எலுமிச்சம்பழத்தை எடுத்துவிட்டோம். மேலே ஏரிக்கரையில் குளிர்காற்றில் உட்கார்ந்து பேசியது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பேசியது முழுக்க மாமியார்களைப் பற்றி.

பின்சேர்க்கை 1

ஒருவர் தங்கள் குரூப்பில் நாவல்களின் பிடிஎஃப் வந்து குவிகிறது, என்ன செய்வது என்று கேட்டிருந்தார். நாங்கள் அனுமதிப்பதில்லை. எழுத்தாளர் மறைந்து 60 ஆண்டு வரை காப்புரிமை உண்டு. கல்கியின் எழுத்து வேறு கதை: 1999இலேயே நாட்டுடைமை ஆகிவிட்டது, யாரும் எடுத்துக்கொள்ளலாம். மதுரைத் திட்டம் இணையதளத்தில் பொன்னியின் செல்வன் முழுதும் இருக்கிறது. 1998இல் தன்னார்வலர்கள் தொடங்கிய வேலை அது, பழைய இலக்கியமும் நிறைய கிடைக்கும். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தையும் பாருங்கள். பிடிஎஃப் போடுபவரிடம் சண்டை வேண்டாம், இந்த இரண்டையும் காட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2

“குழந்தைக்குப் படித்துக் காட்டும் கதைதான் நான் படிப்பது, அதையும் எழுதலாமா?” கட்டாயம். எங்கள் நோட்டில் பாதி அதுதான். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கும். ஆனால் ராத்திரி படுக்கையில் போனைக் காட்டினால் கதை முடிந்ததும் போன் திரும்பி வராது. பகலில் நீங்கள் படித்துவைத்துக்கொண்டு வாயால் சொல்லுங்கள்.

பின்சேர்க்கை 3

ஆத்தூரில் இருந்து ஒருவர்: “மாமியார் முன்னால் புத்தகத்தோடு உட்கார முடியவில்லை. வேலை இல்லையா என்று பார்க்கிறார்.” எனக்கு பதில் தெரியாமல் குரூப்பில் கேட்டேன். தையல் மெஷின் அக்கா தன் கதையைச் சொன்னார். அவர் மாமியார் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாராம். இரண்டு நாள் பேச்சே இல்லை. மூன்றாம் நாள் கீரைக்கட்டைப் பிரித்துக்கொண்டே, “அந்தப் பொண்ணு அப்புறம் என்ன ஆனா?” என்றாராம். இப்போது நோட்டில் அவர் பெயரிலும் ஒரு வரி இருக்கிறது. பக்கம் 61. ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு மருமகள் கையெழுத்தில்: ‘எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.’